மாத்திரை அட்டையில் தெரியும் குணம்

மதுரையில் எந்த மருந்துக் கடையிலும் மாதக் கடைசியில் இந்தக் காட்சி உண்டு. சுகர் மாத்திரை வாங்க வருகிறவர் பழைய அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் போடுவார். சிலருடைய அட்டை ஓரத்திலிருந்து வரிசையாகக் காலியாகியிருக்கும். சிலருடையது நடுவில் இரண்டு, மூலையில் ஒன்று என்று பிய்க்கப்பட்டு, மருந்தின் பெயர் இருந்த இடமே கிழிந்து போயிருக்கும். "அண்ணே, இதேதாண்ணே, வெள்ளை மாத்திரை, நீட்டமா இருக்கும்" என்பார். வெள்ளையாக, நீட்டமாக எத்தனையோ மாத்திரைகள் அந்த அலமாரியில் இருக்கும்.

மீதி மாத்திரையை எண்ணுவது மருத்துவ ஆராய்ச்சியில் ஒரு முறையாகவே இருக்கிறது. தினம் ஒன்று வீதம் 30 கொடுத்து, 30 நாள் கழித்து எண்ணுவார்கள். 24 அல்லது அதற்கு மேல் உள்ளே போயிருந்தால், அதாவது 80 சதவீதம், ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் என்று கொள்வது வழக்கம். இரண்டு பேருக்கு ஒரே டாக்டர், ஒரே சீட்டு, ஒரே மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறினால் கண்ணும் காலும் கெடும் என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் மாதக் கடைசியில் ஒருவர் அட்டையில் 2 மீதி, இன்னொருவர் அட்டையில் 11 மீதி. இந்த 9 மாத்திரை வித்தியாசத்துக்குப் படிப்பு மட்டும் காரணமில்லை, பணம் மட்டும் காரணமில்லை. குணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வருஷத்துக்கு அது 108 மாத்திரை.

"கொஞ்சம் பொறுப்பா இருங்கப்பா" என்று புத்தி சொல்வதால் அந்த 108 மாத்திரையும் உள்ளே போய்விடாது. ஆளின் குணத்துக்குத் தோதாக ஏற்பாட்டை மாற்றினால் போகும். சொல்ல வந்தது இதைத்தான். அதற்கு முன் எந்தக் குணம் உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உளவியலாளர்கள் குணத்தை ஐந்து அளவுகோல்களில் நிறுத்துகிறார்கள். ஐந்துக்கும் நம் ஊர்ப் பேச்சிலேயே சொல் இருக்கிறது. சொன்னதைச் செய்வது, நேரா நேரத்துக்கு இருப்பது, முன்யோசனை எல்லாம் சேர்ந்தது பொறுப்பு. பயந்த சுபாவம், ஓயாத கவலை, பொசுக்கென்று வரும் எரிச்சல் சேர்ந்தது பதற்றம். நாலு பேரைப் பார்த்தால்தான் தெம்பு வருகிறவரிடம் இருப்பது கலகலப்பு. யாருக்கும் 'மாட்டேன்' சொல்ல வாய் வராதது இணக்கம். அதன் மறுமுனையில் எடக்குமடக்கும் சந்தேகமும் பகையும். புதுசு எது வந்தாலும் கை வைத்துப் பார்க்கும் நாட்டம் ஐந்தாவது. யாரும் இதில் ஒரே ஒரு வகை அல்ல. உயரம், எடை போல ஐந்திலும் ஆளுக்கொரு அளவு இருக்கும். ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பிறவியோடு வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன.

1921-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவின் கெட்டிக்காரப் பிள்ளைகள் சுமார் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடரத் தொடங்கினார். அவருக்கு அக்கறை அறிவுக்கூர்மையில்தான். ஆனால் பிள்ளைகளின் குணத்தையும் பெற்றோர், ஆசிரியர்களிடம் கேட்டு எழுதி வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஹோவர்ட் ஃப்ரீட்மனும் அவருடைய சகாக்களும் அந்தத் தாள்களையும் இறப்புச் சான்றிதழ்களையும் அருகருகே வைத்துப் பார்த்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். பொறுப்பான பிள்ளை என்று பெயர் வாங்கியவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்திருந்தார்கள். யாரும் எதிர்பார்க்காதது இன்னொன்று: சிரித்த முகம், வேடிக்கைப் பேச்சு என்று குறிக்கப்பட்ட பிள்ளைகள் சராசரியாகச் சீக்கிரம் போயிருந்தார்கள். வளர்ந்த பிறகு அவர்களிடம் குடியும் சிகரெட்டும் துணிச்சல் வேலைகளும் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாப்ள" என்கிற வாயை நமக்கும் தெரியுமே.

டெர்மனின் பிள்ளைகள் பெரும்பாலும் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஆகவே அதை மட்டும் வைத்துப் பேசினால் போதாது. நியூசிலாந்தில் டனீடின் நகரத்தில் 1972, 73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள்; எல்லா வகை வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. 3 வயதிலிருந்து 11 வயது வரை யாரிடம் தன்னடக்கம் குறைவாக இருந்ததோ அவர்களுக்கு 32 வயதில் ஈறு நோயும் போதைப் பழக்கமும் உடல்பருமனோடு வரும் ரத்தக் கோளாறுகளும் அதிகம் இருந்தன. அறிவுக்கூர்மையையும் குடும்ப வசதியையும் கணக்கில் கழித்த பிறகும் இது மாறவில்லை. 2013-இல் மார்கஸ் யோகெலாவின் குழு ஏழு நெடுநாள் ஆய்வுகளிலிருந்து 76,150 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, ஐந்து குணங்களில் பொறுப்பு ஒன்றுதான் இறப்போடு விடாமல் தொடர்பு காட்டியது. பொறுப்பில் கடைசி மூன்றிலொரு பங்கினருக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைப் போல 1.4 மடங்கு.

குணத்தை யாரிடம் கேட்டு அளப்பது? தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிட அடுத்தவர் சொல்வது சரியாக இருக்கும். பெண் கொடுக்கும் முன் டீக்கடையிலும் பையன் வேலை பார்க்கும் இடத்திலும் "பையன் எப்படி?" என்று விசாரிக்கிறோமே, கிட்டத்தட்ட அதையே ஒரு ஆய்வு செய்திருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் நிச்சயமான ஜோடிகள் 300-ஐப் பற்றி அவர்களுடைய நண்பர்களிடம் குண மதிப்பீடு வாங்கி வைத்தார்கள். நண்பர்களில் பெரும்பாலோர் கல்யாணத்தில் கூட நின்ற தோழர், தோழிகள். 75 வருஷம் கழித்துப் பார்த்தால், யார் நீண்ட நாள் இருப்பார் என்பதை அவரவர் சொன்ன பதிலைவிட நண்பர்களின் பதில்கள் நன்றாகக் கணித்திருந்தன. உங்கள் பொறுப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் உங்களையே கேட்காதீர்கள். மதினியிடம் கேளுங்கள், நேரம் தவறாமல் உண்மை வரும்.

இது எப்படி நடக்கிறது? இதில் மர்மம் ஒன்றுமில்லை. முதல் வழி பழக்கம்: புகை, குடி, ஹெல்மெட், சாப்பாடு, தூக்கம், மாத்திரை. இரண்டாவது வழி, குணம் ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது. எந்த வேலை, எந்தத் துணை, எந்தக் கூட்டாளிகள், எவ்வளவு கடன். மூன்றாவது, உடம்பு நேரடியாகப் படும் பாடு. கோபத்திலும் பயத்திலும் ஏறும் அட்ரினலின், அதோடு ஏறும் பிரஷர். இருபது வயதில் குணத்தின் விளைவு வண்டியில் தெரியும்: ஹெல்மெட் தலையில் இருக்கிறதா, பெட்ரோல் டேங்க் மேல் இருக்கிறதா என்பதில். நாற்பதில் அது ரத்தப் பரிசோதனைத் தாளில் தெரியும், எழுபதில் மாத்திரை டப்பாவில்.

வேலையைச் சொல்லாமல் குணத்தை மட்டும் சொன்னால் அது அநியாயம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க மூட்டை இறக்குகிறவர் "நேரா நேரத்துக்குச் சாப்பிட" முடியாதது அவர் குணத்தால் அல்ல. மேலே சொன்ன ஆய்வுகளும் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. குணம் ஒரு பங்கு. கூலியும் ஷிப்டும் தண்ணீரும் மற்ற பங்குகள்.

கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் விஞ்ஞானமே ஒருமுறை வழி தவறியது. 1950-களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் இதய மருத்துவர்கள் ஃப்ரீட்மன், ரோசன்மன் இருவரும் 'ஏ வகை' ஆள் என்று ஒன்றை வகுத்தார்கள் (இந்த ஃப்ரீட்மன் வேறு, மேலே வந்தவர் வேறு): அவசரம், போட்டி, எரிச்சல் கலந்தவர். 1960-இல் தொடங்கி 3,154 ஆண்களை எட்டரை வருஷம் பார்த்ததில் ஏ வகைக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலகமே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. பிறகு 22 வருஷக் கணக்கு 1988-இல் வந்தபோது, இதய நோயால் இறப்பதில் ஏ வகைக்குத் தனி அபாயம் எதுவும் தெரியவில்லை. இடைப்பட்ட காலத்தில் இந்த ஆராய்ச்சிக்குப் புகையிலைக் கம்பெனிகள் பணம் கொட்டியதும் பின்னால் வெளியானது. மாரடைப்புக்கு சிகரெட் காரணமில்லை, ஆளின் சுபாவம் காரணம் என்று காட்டிவிட்டால் அவர்களுக்கு லாபம்தானே. சலித்துப் பார்த்ததில் மிஞ்சியது பகைக் குணம். வேகமாக வேலை செய்வதால் மட்டும் இதயம் கெடுவதில்லை. எல்லோரையும் சந்தேகித்து, உள்ளே குமைந்துகொண்டே இருப்பதுதான் கெடுதல்.

கோபம் வெடித்த பிறகு வரும் 2 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் மற்ற நேரத்தைப் போல சுமார் 5 மடங்கு என்று 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அபாயம் அடிப்படையில் சிறியது என்பதால் இளவயதுக்காரருக்கு அந்த 5 மடங்கும் சிறியதுதான். ஏற்கெனவே பிரஷர், சுகர், புகை மூன்றும் உள்ள 55 வயது ஆளுக்கு அப்படியில்லை. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். ரத்தக் குழாய்க்கு அந்தப் பழமொழி தெரியாது. பங்காளித் தகராறு, பத்திர ஆபீஸ் வாக்குவாதம், கோரிப்பாளையம் சிக்னலில் உரசிய வண்டி, எதுவானாலும் அதற்குப் பிறகு நெஞ்சில் அழுத்தம், குப்பென்று வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் "வாய்வு" என்று சொல்லிச் சோடா குடிப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. சோடா குடித்து ஏப்பம் வந்ததும் கொஞ்சம் தேவலை போலத் தோன்றும். அதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும். நேரே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம்.

குணம் மாறுமா? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று கேட்டவர்கள் அவ்வளவு சரியில்லை. 92 நெடுநாள் ஆய்வுகளைச் சேர்த்து 2006-இல் பிரெண்ட் ராபர்ட்ஸ் குழு காட்டியது: 20-க்கும் 40-க்கும் நடுவில் பெரும்பாலோருக்குப் பொறுப்பு கூடுகிறது, பதற்றம் குறைகிறது. கல்யாணமானால் சரியாகிவிடுவான் என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி இந்த வயசுக் கணக்குதான். கல்யாணமாகாதவனும் ஓரளவு சரியாகியிருப்பான். சிகிச்சையால் குணம் நகர்கிறதா என்று 207 ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் பார்த்ததில், சில மாதங்களிலேயே நகர்வது தெரிந்தது, அதிகம் நகர்ந்தது பதற்றம். ஆசைப்பட்டால் மட்டும் எதுவும் நகராது. அதற்கென்று சின்னச் சின்னக் காரியங்களைச் செய்தவர்களுக்குத்தான் நகர்ந்தது என்று வேறொரு ஆய்வு காட்டியது.

ஆனாலும் சர்க்கரை அதுவரை காத்திருக்காது. ஆகவே ஏற்பாட்டைப் பார்ப்போம்.

முதலில் மறதிக்காரர், அசட்டைக்காரர். இவருக்கு மொபைல் அலாரம் வைப்பதுதான் எல்லோரும் செய்வது, சீக்கிரம் தோற்பதும் அதுதான். அலாரம் அடிக்கும்போது கை வேலையில் இருக்கும், அணைத்துவிட்டு மறந்துவிடுவார். பத்து நாளில் அந்தச் சத்தமே காதில் விழாது. கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். "இட்லித் தட்டை எடுத்ததும் டப்பாவைத் திறப்பேன்" என்று 'இது நடந்ததும் அது' என்ற வடிவில் ஒரே வாக்கியமாகச் சொல்லிக்கொள்வது 94 சோதனைகளில் வெறும் தீர்மானத்தைவிட நன்றாக வேலை செய்தது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பெரும்பாலும் சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மாத்திரை, இல்லாவிட்டால் வயிறு புரட்டும்; அதனால் தட்டோடு கட்டுவது இரட்டை லாபம். வாரத்துக்கு ஏழு அறை, காலை இரவு இரண்டும் வேண்டுமானால் பதினாலு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறி வேகும் நேரத்தில் நிரப்புங்கள். பீரோவுக்குள் வைத்தால் அதோடு சரி. சாப்பிடும் இடத்தில், கண் மட்டத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். இன்று போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அறை காலியா என்று பார்ப்பதே பதில். விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. காதுகுத்து, சடங்கு, துக்கம் என்று ஊருக்குப் போகும்போதுதான் மொத்தமாக நான்கு நாள் விட்டுப்போகும். பயணப் பையில் பெயரும் தேதியும் தெரியும்படி ஒரு முழு அட்டை நிரந்தரமாகக் கிடக்கட்டும்.

பழக்கம் படிய 21 நாள் போதும் என்று எங்கும் சொல்கிறார்கள். லண்டனில் 96 பேரைப் பார்த்த ஆய்வில் சராசரி 66 நாள், ஆளைப் பொறுத்து 18-லிருந்து 254 வரை. நடுவில் ஒருநாள் தவறியது கெடுக்கவில்லை. அசட்டைக்காரர் ஒருநாள் தவறியதும் "போச்சு, நம்மால ஆகாது" என்று மொத்தத்தையும் விடுவார், அந்த இடத்தில்தான் வீட்டார் கூட நிற்க வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: "மூணு வேளை மாத்திரையை ஒரு வேளையாச் சுருக்க முடியுமா?" பல நேரம் முடியும். இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்தது பயந்த சுபாவம். பதற்றம் கெடுதல் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிரிட்டனில் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்த 2017 ஆய்வில், தன் உடல்நிலை சுமார் என்று சொன்னவர்களுக்குள் பதற்றம் கூடியவர்களின் இறப்பு சற்றுக் குறைவாகவே இருந்தது. கவலைப்படுகிறவர் சீக்கிரம் டாக்டரிடம் போகிறார் என்பது நம்பத்தகுந்த விளக்கம். பொறுப்போடு சேர்ந்த பயம் காப்பாற்றும். பொறுப்பு இல்லாத பயமோ ரிசல்ட் கவரைப் பிரிக்காமலே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும்.

பயந்தவர் வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கினால் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்ப்பார். 138 காட்டினால் பயம், பயத்தில் 150, இன்னும் பயத்தில் 164. மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை. இவருக்கு அளக்காதே என்று சொல்வதைவிட, எப்போது அளக்க வேண்டும் என்று வரையறுப்பது நல்லது. மணிக்கட்டு மெஷின் வேண்டாம், மேல்கை மெஷின் வாங்குங்கள். பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும், சின்னப் பட்டை பெரிய கையில் கூட்டிக் காட்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட், நடை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து 5 நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை, காலையில் மாத்திரைக்கு முன்னும் மாலையிலும், 7 நாள். மொத்தம் 28 அளவு. முதல் நாளின் நான்கையும் அடித்துவிட்டு மீதி 24-க்குச் சராசரி போடுங்கள். வீட்டு அளவில் 135-க்கு 85 என்பது கோடு, ஆஸ்பத்திரியில் 140-க்கு 90. எட்டாம் நாள் மெஷின் பரணுக்குப் போகட்டும், டாக்டர் கேட்கும்வரை இறங்க வேண்டாம். பயந்தவருக்கு இந்த விதி நிம்மதி. ஒரு தனி அளவுக்கு அர்த்தமில்லை, சராசரிக்குத்தான் அர்த்தம் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி வியாதி குறையும்.

இணக்கமானவர்களின் பாடு வேறு. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்கு, மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று சோறு. காலை மாத்திரை போட்டாகிவிட்டது, சாப்பாடு தள்ளிப்போனது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் பதினொரு மணிக்குக் கை நடுங்கி, கண் இருட்டி, சர்க்கரை இறங்கும். "களைப்பு" என்று படுத்துவிடுவார். விசேஷ வீட்டில் இலையில் விழும் இனிப்பைத் தடுக்கத் தெரியாததும் இந்தக் குணம்தான். "சுகர் இருக்கு, வேண்டாம்" என்றால் "ஒருநாள்ல ஒண்ணும் ஆகாது ஆத்தா" என்று இன்னொன்று விழும். அந்த வாக்குவாதத்தில் இணக்கமானவர் ஒருநாளும் ஜெயிக்க மாட்டார், ஆகவே வாக்குவாதமே வேண்டாம். பரிமாறும் முன்பே இலையின் அந்த மூலையில் தண்ணீர் டம்ளரை வைத்துவிடுவது நன்றாக வேலை செய்யும். தனக்காகச் செய்யாததைப் பேரனுக்காகச் செய்கிறவர்கள் இவர்கள். பரிசோதனைக்கு "உனக்காக வா" என்றால் வராதவர், "அப்பத்தா கண்ணு தெரிஞ்சாத்தான பிள்ளையப் பாத்துக்க முடியும்" என்றால் வருவார். இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை.

கலகலப்பானவரைத் தனியாக நடக்கச் சொன்னால் மூன்றாம் நாள் நின்றுவிடுவார். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி விடிகாலையில் நடக்கிற கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிஷம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகம். நடை முடிந்ததும் அதே கூட்டம் வடைக்கும் டீக்கும் போகும், அது தனிப் பிரச்சினை. ராத்திரி பத்து மணி பரோட்டாவும் இந்தக் குணத்தின் சொத்துதான். கூட்டாளிகளை விடச் சொல்வதைவிடச் சந்திக்கும் நேரத்தை மாற்றுவது எளிது. கூட்டாளிகள் இருப்பது உடம்புக்கு நல்லது என்பதில் சந்தேகமே வேண்டாம்: 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் உறவு வலுவாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல்.

புதுமை நாட்டக்காரர் சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூ, நாவல் கொட்டை, வாட்ஸ்அப்பில் வந்த கஷாயம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கி, மெட்ஃபார்மினை நிறுத்திவிடுவார். பிறகு எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆசை இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்று, மாத்திரையை நிறுத்தாமல், டாக்டருக்குச் சொல்லிவிட்டு. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை முன்னும் பின்னும் எடுத்துப் பாருங்கள்.

இதுவரை பொறுப்பைப் புகழ்ந்தாயிற்று. அதற்கும் ஒரு இருட்டுப் பக்கம் உண்டு, மதுரைப் பக்கம் அதைக் கோயிலில் பார்க்கலாம். வேண்டிக்கொண்டால் நிறைவேற்றியே தீருகிற கறார் ஆள். சர்க்கரை நோய் பத்து வருஷம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பது அவருக்கே தெரியாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடை, சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் பிரகாரக் கல்லில் சுற்று. கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்து தரையில் ஈரத்தைப் பார்த்தபோதுதான் தெரியும். பாதயாத்திரை போவதற்கு முன் நைலான் இழையால் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை. உணர்ச்சி குறைவாக இருந்தால் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி உள்ளது) போட்டுத்தான் நடக்க வேண்டும். கோயிலுக்குக் காலையில் கல் சுடுவதற்கு முன் போய் வந்துவிட வேண்டும். தினம் ராத்திரி பாதத்துக்கு அடியில் கண்ணாடி பிடித்து விரல் இடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். இதை அவரிடம் ஒரு விரதமாகவே சொன்னால் ஒருநாள் தவறமாட்டார். உபவாசம் இருக்கும் நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். பட்டினியோடு மாத்திரையும் போட்டு மயங்குவதும், மாத்திரையை விட்டுவிட்டு மறுநாளும் விடுவதும் இரண்டும் நடக்கின்றன. இன்சுலினை "பத்திரமாக" ஃபிரீசரில் வைப்பதும் இந்தக் கறார் ஆள்தான். உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரிக்காதது ஃபிரிட்ஜில் 2-லிருந்து 8 டிகிரிக்குள். பயன்பாட்டில் உள்ளதை வெயில் படாமல் வெளியே வைக்கலாம், பெரும்பாலானவை நான்கு வாரம் தாங்கும். கத்திரி வெயிலில் ஈரமணலுக்குள் வைத்த மண்பானை உதவும்.

ஆளின் குணத்தை நம்பாத ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு என்பதற்கு இங்கேயே சாட்சி உண்டு. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துக்குப் போய் முகாம் போட்டது. புரை இருக்கிறவரை பஸ்ஸில் ஏற்றி, ஆபரேஷன் செய்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டது. "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவரும், ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுகிறவரும் திட்டம் போட வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு பஸ் ஏறினால் போதும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் அப்படித்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கடைக்குப் போக மறக்கிற பிரச்சினை அங்கே தீர்ந்தது. வாசலிலிருந்து வாய்க்குப் போகும் தூரம் மட்டும் மிச்சம்.

முதுமையில் கணக்கு தலைகீழாகும். அதுவரை குணம் உடம்பை நடத்தியது, இனி உடம்பு குணத்தை மாற்றும். அமெரிக்காவில் 997 கன்னியாஸ்திரீகள், பாதிரியார்கள், துறவிகளை 12 வருஷம் வரை பார்த்த 2007 ஆய்வில், பொறுப்பில் மிக உயர்ந்தவர்களுக்கு அல்சைமர் என்கிற மறதி நோய் வரும் அபாயம் மிகத் தாழ்ந்தவர்களைவிட 89 சதவீதம் குறைவு. மூளை முன்பே தேயத் தொடங்கியதால்தான் சிலருக்குப் பொறுப்பு குறைந்ததோ என்ற கேள்வியும் கூடவே வரும். எப்படியானாலும் அறுபதைத் தாண்டியவரின் குணம் மாறினால் அதை "வயசாயிருச்சு" என்று விடக் கூடாது.

மாதக் கணக்கில் மெல்ல மாறினால் ஒரு வகை. எண்ணி எண்ணிச் செலவழித்தவர் வாரி இறைப்பது, கெட்ட வார்த்தை பேசாதவர் பேசுவது, தினம் குளித்தவர் குளிக்க மறுப்பது, இவையெல்லாம் மறதி வரும் முன்பே மூளையின் முன்பகுதி தேய்வதைக் காட்டலாம். பேச்சைக் குறைத்து ஒதுங்கினால் மனச்சோர்வு, காது கேளாமை, கண்புரை, தைராய்டு நான்கையும் பார்க்க வேண்டும். பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது தூக்க மாத்திரை, சளி மாத்திரை, கஷாயம் உட்பட வீட்டில் உள்ள எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். குழப்பத்துக்குப் பல நேரம் அந்தப் பைக்குள்ளேயே காரணம் இருக்கும்.

மணிக்கணக்கில், ஒன்றிரண்டு நாளில் மாறினால் அது அவசரம். நேற்று வரை சாதுவாக இருந்த தாத்தா இன்று ஏசுகிறார், ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார் என்றால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, பக்கவாதம், சில வாரம் முன்பு விழுந்ததில் தலைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம், எதுவும் இருக்கலாம். இவற்றைப் பார்க்க ஆஸ்பத்திரிதான் வேண்டும். ஆனால் சர்க்கரை நோயாளியானால் வண்டி வருவதற்குள் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவர் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எடுத்து சர்க்கரையைப் பாருங்கள். மாம்பழம் பிசைந்த விரலில் எடுத்தால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரை ஏறி, தாத்தா பழைய தாத்தாவாகப் பேசத் தொடங்கிவிட்டாலும், அவர் சாப்பிடுவது கிளிமெபிரைடு வகை மாத்திரையாக இருந்தால் வந்த 108-ஐத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த மாத்திரையின் வேகம் அடங்க ஒரு நாள்கூட ஆகலாம்; அதற்குள் சர்க்கரை இன்னொரு முறை இறங்கலாம்.